29 நிமிடத்தில் 14 பாட்டு!

கறுப்புப் பனியன். நெஞ்சில் வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் சிறகு விரித்த கழுகு. அதைச் சுற்றி ஜானி, ஜோயி, டீ டீ, டாமி என்று ஆங்கிலத்தில் நான்கு பெயர்கள். மேலே கொட்டை எழுத்தில் 'ராமோன்ஸ்'.

மும்பை நடைபாதைக் கடைகளில் தொங்கும் இந்தப் பனியனை நம் வாசகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். சர்ச்கேட் லோக்கலில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கல்லூரிப் பையனின் முதுகிலோ மார்பிலோ கண்டிருப்பார்கள். போட்டிருப்பவரைக் கேட்டால், "ஏதோ துணிக் கம்பெனி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

துணிக் கம்பெனி அல்ல, பாட்டுக் கோஷ்டி! நியூயார்க் நகரத்துக் கோஷ்டி. அந்த நான்கு பேரில் ஒருவர்கூட இன்று உயிருடன் இல்லை.

மேல்நாட்டுப் பாட்டு என்றாலே "காட்டுக் கத்தல்" என்று சொல்லி ரேடியோவை அணைப்பவர்கள் நம்மில் அதிகம். அதிலும் 'பங்க்' என்றால் கேட்கவே வேண்டாம். அந்தச் சொல்லுக்கே போக்கிரி, உதவாக்கரை என்றுதான் பொருள். கிழிந்த கால்சட்டை, தோல் சட்டை, முகத்தை மறைக்கும் முடி. பெற்றவர்களுக்குப் பிடிக்க அதில் என்ன இருக்கிறது?

ஆனால் ராமோன்ஸ் கோஷ்டியின் இசைத்தட்டுகளை வரிசையாக உட்கார்ந்து கேட்டால் ஒரு வேடிக்கை புரியும். இது புதுப் பாட்டே அல்ல. 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்க வானொலியில் ஒலித்த சின்னஞ்சிறு காதல் பாட்டுகளும் ஆட்டப் பாட்டுகளும்தான் இவை. அவற்றுக்கு வேகத்தைக் கூட்டி, சத்தத்தைக் கூட்டி, சாயம் மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்!

பைப் பிட்டரும் தபால் பிரிவு ஊழியரும்

நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் பாரஸ்ட் ஹில்ஸ் என்று ஒரு பேட்டை. நால்வரும் அங்கே பழகியவர்கள்.

ஜானியின் உண்மைப் பெயர் ஜான் கம்மிங்ஸ். கட்டட வேலை, பைப் பிட்டர். டீ டீயின் பெயர் டக்ளஸ் கால்வின். அமெரிக்க ராணுவ வீரரின் மகன். தந்தைக்கு ஜெர்மனியில் வேலை என்பதால் சிறுவயதை அங்கே கழித்தவர். நியூயார்க்கில் அவருக்குக் கிடைத்தது ஒரு கம்பெனியின் தபால் பிரிவில் கடிதம் பிரிக்கும் வேலை. பிராட்வே சாலையில் ஒரே கட்டடத்தில் இருவருக்கும் பிழைப்பு.

1974 ஜனவரியில் இருவரும் கடைக்குப் போய் ஆளுக்கொரு கிதார் வாங்கினார்கள். ஜானி வாங்கிய கிதாரின் விலை ஐம்பது டாலரைச் சற்றே தாண்டியது. அந்தக் காலத்திலும் அது மலிவுச் சரக்குதான்.

ஜோயி என்ற ஜெப்ரி ஹைமன் ஆறரை அடி உயரம், கூச்ச சுபாவம். பெற்றோர் பிரிந்த வீடு. கதவைப் பூட்டினோமா, விளக்கை அணைத்தோமா என்று ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் அவருக்கு இருந்தது. இளவயதில் ஆஸ்பத்திரியிலும் இருந்தார். அவருக்கு உற்ற துணை வானொலிதான்.

நான்காமவர் டாமி எர்டெலி. 1949-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்தவர். ஒலிப்பதிவு வேலை தெரிந்தவர். கோஷ்டியை நிர்வகிக்கத்தான் அவர் வந்தார். முதலில் டிரம் அடித்தது ஜோயி. பிறகு ஜோயி பாடப் போனார். டிரம் வாசிக்க ஆள் தேடினார்கள். வந்தவர்கள் எல்லாரும் வித்தை காட்டினார்களே தவிர, நேராக அடிக்க ஒருவரும் இல்லை. கடைசியில் டாமியே உட்கார்ந்துவிட்டார்!

நால்வரும் 'ராமோன்' என்று ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் வந்த வழியிலேயே விஷயம் இருக்கிறது. பீட்டில்ஸ் புகழ் பெறுவதற்கு முன்பு, பால் மெக்கார்ட்னி சில நாள் 'பால் ராமோன்' என்று தம்மை அழைத்துக்கொண்டதுண்டு. அதைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழையதை எரிக்க வந்தவர்கள் என்று பத்திரிகைகள் எழுதிய கோஷ்டி, பெயரையே பழைய சாமானிலிருந்து எடுத்திருக்கிறது.

மூன்று நிமிடக் கணக்கு

கிராமபோன் காலத்துத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாட்டு அடங்கும். நம் தியாகராஜ பாகவதராக இருந்தாலும் சரி, அமெரிக்கப் பாடகராக இருந்தாலும் சரி, பல்லவி, சரணம் எல்லாவற்றையும் அதற்குள் முடித்தாக வேண்டும். 1949-ல் 45 சுற்றுச் சிறுதட்டு வந்த பிறகும் கணக்கு அதிகம் மாறவில்லை. விளம்பரங்களுக்கு நடுவே பாட்டைப் போடும் அமெரிக்க வானொலிக்கும் சின்னப் பாட்டுதான் தோது.

பிறகு எல்.பி. ரிக்கார்டு ஆட்சிக்கு வந்தது. ராக் பாடகர்கள் பெரிய மனிதர்கள் ஆனார்கள். பாட்டு நீண்டது. 'யெஸ்' என்ற பிரிட்டிஷ் கோஷ்டி 1973-ல் இரண்டு எல்.பி.யாக ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டது. 80 நிமிட நேரம். பாட்டு நான்கே நான்கு! தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு.

நீண்ட ஆலாபனை தப்பா என்று நம்மவர்கள் கேட்கலாம். தப்பில்லை. ஆனால் அதற்குப் பல வருட அப்பியாசம் வேண்டும். விலை உயர்ந்த வாத்தியம் வேண்டும். ஓய்வு நேரம் வேண்டும். பைப் பிட்டருக்கும் தபால் பிரிவு ஊழியருக்கும் இவற்றில் எது இருந்தது? அவர்கள் கைக்கு எட்டியது பழைய மூன்று நிமிடப் பாட்டு. அதையும் இரண்டாகக் குறைத்தார்கள்.

ஜானியின் கிதார் வாசிப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சாதாரணமாகக் கிதார் வாசிப்பவரின் கை மேலும் கீழுமாகப் போய்வரும். ஜானியின் கை கீழ்நோக்கி மட்டுமே அடிக்கும். அதுவும் அந்த ஓட்டத்தில்! அதனால்தான் தறி ஓடுவது போல் இடைவெளியே இல்லாத ஓர் இரைச்சல் வருகிறது. கேட்க எளிது. பாதிப் பாட்டுக்கு அப்படி அடித்துப் பார்த்தால் மணிக்கட்டு என்ன ஆகும் என்று தெரியும். "வாசிக்கத் தெரியாதவர்கள்" என்று இவர்களை எழுதித் தள்ளிய விமர்சகர்கள் இதைக் கவனிக்கவில்லை.

பவரி என்பது நியூயார்க்கில் குடிகாரர்களும் வீடற்றவர்களும் படுத்துக்கிடந்த சாலை. அங்கே 'சி.பி.ஜி.பி.' என்று ஒரு மதுக்கடை. நாட்டுப்புற இசைக்காகத் திறக்கப்பட்ட இடம் அது. 1974 ஆகஸ்டு 16-ந் தேதி ராமோன்ஸ் முதல் தடவை அங்கே மேடை ஏறினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று டீ டீ கத்துவார். அடுத்த கணம் பாட்டு முடிந்துவிட்டது போல் இருக்கும். கால் மணி, இருபது நிமிடத்தில் கச்சேரியே முடிந்துவிடும்.

இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று

முதல் இசைத்தட்டு 1976 பிப்ரவரியில் பதிவாகி, ஏப்ரலில் வந்தது. ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்தில் இருந்த ஒலிப்பதிவு நிலையத்தில், சுமார் ஒரு வாரத்தில், 6,400 டாலர் செலவில் முடித்தார்கள். 14 பாட்டு. மொத்தம் 29 நிமிடம்.

இப்போது எல்லாமே கைப்பேசியில் கிடைக்கிறது. வாசகர்கள் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி இந்தத் தட்டைக் கேட்க வேண்டும். வலது பக்கத்தைக் கழற்றினால் ஜானியின் கிதார் காணாமல் போகும். இடது பக்கத்தைக் கழற்றினால் டீ டீயின் பேஸ் கிதார் போய்விடும். பாட்டும் டிரம்மும் நடுவில் நிற்கும். பீட்டில்ஸின் ஆரம்ப கால ஸ்டீரியோ தட்டுகளில் இப்படித்தான் வாத்தியங்களைப் பக்கம் பிரித்து வைப்பார்கள். 1976-ல் அது வழக்கொழிந்த முறை. தெரிந்தேதான் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பதினான்கில் ஒன்று அவர்களுடையதே அல்ல. கிறிஸ் மான்டெஸ் 1962-ல் பாடிப் பிரபலமாக்கிய 'லெட்ஸ் டான்ஸ்'. முதல் பாட்டான 'பிளிட்ஸ்கிரீக் பாப்' தொடக்கத்தில் ஒரு கோஷம் வருகிறது அல்லவா? ஸ்காட்லாந்தின் பே சிட்டி ரோலர்ஸ் பாடிய 'சாட்டர்டே நைட்' பாட்டின் கோஷம்தான் அதற்குத் தூண்டுதல். பள்ளிச் சிறுமிகள் கூச்சலிட்டு ரசித்த கோஷ்டி அது. 'ஐ வான்னா பி யுவர் பாய்பிரெண்ட்' என்ற பாட்டோ நிதானமான காதல் பாட்டு. டாமி எழுதியது. 1964-ல் வந்த பாட்டு என்று சொன்னால் நம்பிவிடலாம்.

குறையும் சொல்ல வேண்டும். இந்தத் தட்டில் நாஜி ராணுவச் சொற்கள் விளையாட்டாக வருகின்றன. 'பிளிட்ஸ்கிரீக்' என்பதே ஹிட்லர் படையின் மின்னல் போருக்குப் பெயர். ஜோயியும் டாமியும் யூதர்கள். டாமியின் பெற்றோர் நாஜிகளின் கொலைக்களத்திலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள். ஆகவே வெறுப்பு அல்ல, துடுக்குத்தனம்தான் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் எனக்கு அந்த இடங்களில் சிரிப்பு வரவில்லை. பசையை மோந்து போதை ஏற்றும் பாட்டும் அப்படியே. டீ டீயின் வாழ்க்கையை ஹெராயின் என்ன செய்தது என்று தெரிந்த பிறகு, அதை வேடிக்கையாகக் கேட்க முடியவில்லை.

விற்பனை? அமெரிக்கப் பட்டியலில் 111-வது இடம். அதற்கு மேல் ஏறவில்லை.

வரவேற்பு கிடைத்தது கடலுக்கு அப்பால். 1976 ஜூலை 4-ந் தேதி, அதாவது பிரிட்டனிடமிருந்து அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து சரியாக 200 ஆண்டு நிறைந்த அன்று, ராமோன்ஸ் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் பாடினார்கள். அதைத் தொடர்ந்த ஓரிரு ஆண்டில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கோஷ்டிகள் முளைத்தன. மான்செஸ்டரில் பஸ்காக்ஸ், வட அயர்லாந்தின் டெரி நகரில் அண்டர்டோன்ஸ் போன்றவை இந்த ரகத்தில் கேட்கத்தக்கவை. இரைச்சலுக்குள் இனிப்பு வைக்கும் வித்தை அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ராக்அவே கடற்கரை

ஒரே ஒரு தட்டுதான் கேட்க நேரம் உண்டு என்பவர்கள், 1977 நவம்பரில் வந்த 'ராக்கெட் டு ரஷ்யா'வைக் கேட்கலாம். இவர்கள் செய்ததில் அதுவே தலை சிறந்தது என்பது என் கட்சி.

அதில் 'ராக்அவே பீச்' என்று ஒரு பாட்டு. எழுதியவர் டீ டீ. 1960-களில் பீச் பாய்ஸ் என்ற கலிபோர்னியா கோஷ்டி கடற்கரையைப் பாடியே பணம் சம்பாதித்தது. அலை மேல் பலகையில் சறுக்குவது, கார், வெயில், அழகான பெண்கள். அந்த மெட்டையும் சேர்ந்து பாடும் குரல்களையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ராக்அவே கலிபோர்னியா அல்ல. குயீன்ஸ் பகுதியின் தென்கோடியில், நகர ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ச் சேரும் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் பிள்ளைகுட்டிகளோடு ஜுஹு போவது போல, நியூயார்க் தொழிலாளிகள் போகும் இடம். வாழ்நாளில் பலகை மீது ஏறி அறியாதவனின் கடற்கரைப் பாட்டு இது. பீச் பாய்ஸ் பாட்டில் இல்லாத ஒரு ஆவல் இதில் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று தோன்றுகிறது. இவர்களின் பாட்டுகளில் அமெரிக்கப் பட்டியலில் மிக உயரமாக ஏறியதும் இதுதான், 66-வது இடம்!

அதே தட்டில் பாபி பிரீமன் 1958-ல் பாடிய 'டூ யூ வான்னா டான்ஸ்' இருக்கிறது. மூலத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் இவர்கள் தொழில் விளங்கிவிடும். மெட்டைத் தொடவில்லை. சந்தத்தைத்தான் இறுக்கியிருக்கிறார்கள். 'டிராஷ்மென்' கோஷ்டியின் 1963-ம் வருடப் பாட்டான 'சர்பின் பேர்ட்' கூட உண்டு. அந்த டிராஷ்மென் ஊர் மினியாபோலிஸ். அங்கே கடலே கிடையாது!

ஒலிச்சுவர்

ஜோயிக்கு ஓர் ஆசை இருந்தது. பில் ஸ்பெக்டர் தயாரிப்பில் பாட வேண்டும். 1960-களில் பல பியானோ, பல கிதார், தாளவாத்தியங்கள் எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்து, எதிரொலி அறையில் விட்டு எடுத்து, 'ஒலிச்சுவர்' என்று பெயர் வாங்கியவர் அவர். ரோனெட்ஸ் என்ற பெண்கள் கோஷ்டியை உலகறியச் செய்தவர்.

ஆசை 1979-ல் பலித்தது. பலித்த பிறகு ஏன் பலித்தது என்று ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் தட்டு முடித்துப் பழகிய ஜானியை, ஒரே ஒரு சுரக்கட்டைப் பல மணி நேரம் திரும்பத் திரும்ப அடிக்க வைத்தார் ஸ்பெக்டர். வெறுத்துப்போய் ஊருக்குக் கிளம்புகிறேன் என்று ஜானி எழுந்தார். (இந்த ஸ்பெக்டர் பின்னாளில் ஒரு நடிகையைக் கொன்ற வழக்கில் 2009-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2021-ல் கைதியாகவே இறந்தார்.)

1980-ல் வந்த அந்த 'எண்ட் ஆப் தி செஞ்சுரி'தான் அமெரிக்காவில் இவர்கள் தட்டுகளில் அதிக உயரம் தொட்டது, 44-வது இடம். ரோனெட்ஸ் பாடிய 'பேபி, ஐ லவ் யூ' பாட்டை ஜோயி வயலின் கூட்டத்தோடு பாடினார். மற்ற மூவருக்கும் அதில் வேலையே இல்லை. பிரிட்டனில் எட்டாவது இடம் கிடைத்தது. என்ன கிடைத்து என்ன? கேப்பைக் களிக்கு நெய்யில் வறுத்த முந்திரி போட்ட மாதிரி இருக்கிறது.

ஆனால் அதே தட்டின் முதல் பாட்டை விட்டுவிடக் கூடாது. 'டூ யூ ரிமெம்பர் ராக் அண்ட் ரோல் ரேடியோ?' பழைய வானொலி அறிவிப்பாளர்களின் பெயர்களைச் சொல்லி, அந்த நாள் எங்கே போயிற்று என்று கேட்கும் பாட்டு. இங்கே மட்டும் ஸ்பெக்டரின் ஆர்ப்பாட்டம் பொருந்துகிறது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பிடிக்க முள்ளை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தப் பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேசாத இருவர்

அடுத்த கதை வருத்தமானது. 1980-களின் ஆரம்பத்தில் ஜோயியின் காதலி அவரை விட்டு ஜானியிடம் போய், ஜானியையே மணந்தார். அன்றிலிருந்து இருவரும் ஏறக்குறையப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோஷ்டியை நிறுத்தவில்லை! ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையில் முகம் பாராமல் வருடக்கணக்கில் வேலை பார்க்கும் இருவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அப்படித்தான். ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒரே மேடையில் நின்று, 22 வருடத்தில் மொத்தம் 2,263 கச்சேரி. கடைசிக் கச்சேரி 1996 ஆகஸ்டு 6-ந் தேதி, ஹாலிவுட்டில்.

ஏன் நிறுத்தவில்லை? ஜானிக்கு அது வேலை. வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? தட்டு விற்காதபோது சோறு போட்டது கச்சேரிகளும், கச்சேரி வாசலில் விற்ற பனியன்களும்தான். அந்தக் கழுகுப் படத்தை வரைந்தவர் ஆர்துரோ வேகா. மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த ஓவியர். மேடை விளக்கும் அவர் பொறுப்புதான். அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையை எடுத்து, கழுகின் ஒரு காலில் அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்தார். ஜானி பேஸ்பால் பைத்தியம்!

ஜோயி 2001 ஏப்ரலில் நிணநீர்ப் புற்றுநோயால் இறந்தார். வயது 49. கடைசி வரை சமாதானம் இல்லை. மறு வருடம் மார்ச்சில் கோஷ்டிக்கு 'ராக் அண்ட் ரோல் புகழ் மண்டப'த்தில் இடம் கிடைத்தது. அந்த ஜூனில் டீ டீ ஹெராயினுக்குப் பலியானார். 2004-ல் ஜானி, 2014-ல் டாமி, இருவரும் புற்றுநோயால். முதல் தட்டு அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகள் விற்றதாகத் 'தங்கத் தட்டு' சான்று பெற்றது 2014 ஏப்ரலில், வெளிவந்து 38 வருடம் கழித்து. அப்போது நால்வரில் மீதியிருந்தவர் டாமி ஒருவரே. ஜூலையில் அவரும் போய்விட்டார்.

காசு பார்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள். இதே பாணியில் கலிபோர்னியாவின் 'கிரீன் டே' 1994-ல் வெளியிட்ட 'டூக்கி' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. நல்ல தட்டுதான்; பொறாமைப்பட ஒன்றுமில்லை. என்றாலும் எனக்குப் பிடித்த வாரிசு ஜப்பானில் இருக்கிறது. ஒசாகாவில் 1981-ல் மூன்று பெண்கள் ஆரம்பித்த 'ஷோனென் நைப்' கோஷ்டி. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவர்கள். இனிப்பு, ஐஸ்கிரீம், பூனை பற்றியெல்லாம் பாடுவார்கள். 2011-ல் முழுக்க ராமோன்ஸ் பாட்டுகளைப் பாடி 'ஒசாகா ராமோன்ஸ்' என்று வெளியிட்டார்கள்.

கேட்க விரும்புகிறவர்கள் 'ராக்கெட் டு ரஷ்யா'வில் தொடங்கி முதல் தட்டுக்குப் போகலாம். மூன்றாவதாக, ஜோயி நோயோடு போராடிய காலத்தில் தனியாகப் பாடிய தட்டு ஒன்று இருக்கிறது. அவர் இறந்த பிறகு 2002-ல் வந்தது. அதன் முதல் பாட்டு, லூயி ஆம்ஸ்ட்ராங் 1967-ல் பாடிய 'வாட் எ வொண்டர்புல் வேர்ல்ட்'. ஆம்ஸ்ட்ராங் அதை ஆற அமரப் பாடியிருப்பார். ஜோயி வழக்கம்போல் கிதார்களை முடுக்கிவிட்டு, இரண்டரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்.